ஆரம்பகால விண்நடைப் படங்கள்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்கும் வழி

1965 முதல் 1969 வரை எடுக்கப்பட்ட விண்நடைப் படங்களின் மூல ஸ்கேன்களை இறக்கி, சீர்செய்து, அச்சுக்கோ இணையத்துக்கோ தயாரிப்பவர்களுக்கான வழிமுறை இது. அமெரிக்காவின் இருவர் பறந்த ஜெமினி கலங்களில் எடுத்த ஃபிலிம்களை நாசாவின் ஜான்சன் மையமும் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஸ்கேன் செய்து, திருத்தாத டிஃப் கோப்புகளாகவே பொதுவில் வைத்திருக்கின்றன. அவற்றைத் திறந்ததும் பலருக்கு ஏமாற்றம்தான். புத்தகத்தில் பளிச்சென்று பார்த்த படம் இங்கே மங்கலாக, நீலம் பூத்து, பாதி ஆள் வெட்டுப்பட்டுக் கிடக்கும்.

உடனே வண்ணத்தில் கை வைக்காதீர்கள். பிழை எங்கே பிறந்தது என்று தெரியாமல் திருத்தினால், ஃபிலிமில் உண்மையாக இருந்ததையும் சேர்த்தே அழித்துவிடுவோம். கேமராவைச் சந்தேகிப்பதும் கடைசி வேலையாக இருக்கட்டும். இந்தப் படங்களில் பெரும்பாலான குறைகளுக்குக் காரணம் கலத்தின் ஜன்னல் கண்ணாடி, காற்று நிரம்பி விறைத்த உடை, கால் ஊன்ற இடமில்லாத உடல் ஆகிய மூன்றில் ஒன்றுதான்.

எந்த அறிகுறிக்கும் முன்: கேமரா எங்கே இருந்தது?

மூன்று இடங்களில்தான் இருந்திருக்க முடியும்.

ஒன்று, கலத்துக்குள் இருந்தவரின் கையில். ஜெமினி 4-இல் (3 ஜூன் 1965) எட் வைட் வெளியே மிதந்தபோது, ஜேம்ஸ் மெக்டிவிட் உள்ளிருந்து 70 மி.மீ. ஃபிலிம் போட்ட ஹாசல்பிளாட் 500சி-யால் எடுத்தார். லென்ஸ் 80 மி.மீ. சதுர ஃப்ரேம், பக்கத்துக்குச் சுமார் 55 மி.மீ. உலகம் அறிந்த வைட் படங்கள் இவைதான்.

இரண்டு, கலத்தின் வெளிப்புறத் தாங்கியில். சோவியத்தின் வோஸ்கோத் 2 கலத்தில் (18 மார்ச் 1965) காற்றடைப்பு அறையின் முனையில் அலெக்சி லியோனோவ் பொருத்திய எஸ்-97 திரைப்படக் கேமராவும், ஜெமினியில் கதவருகே வைத்த 16 மி.மீ. மாரர் கேமராவும் இந்த வகை.

மூன்று, நடந்தவரிடமே. வெளியே நகர்வதற்காக வைட் கையில் பிடித்திருந்த வாயுத் துப்பாக்கியின் மேல் 35 மி.மீ. கான்டாரெக்ஸ் பூட்டியிருந்தது. லியோனோவின் மார்பில் ஒரு சிறிய கேமரா இருந்தது.

ஃப்ரேம் சதுரமாக இருந்தால் 70 மி.மீ.; 3:2 செவ்வகமாக இருந்தால் 35 மி.மீ.; 4:3-க்கு அருகில், கரகரப்பு அதிகமாக இருந்தால் 16 மி.மீ. திரைப்படத்திலிருந்து எடுத்த ஒற்றை ஃப்ரேம் என்று கொள்ளலாம். புத்தகங்களில் ஓரம் வெட்டியிருப்பார்கள் என்பதால் இந்தச் சோதனையை மூல ஸ்கேனில் மட்டும் செய்யுங்கள். லியோனோவின் "புகைப்படம்" என்று புழங்குபவற்றில் பல, திரைப்பட ஃப்ரேம்களே. அவற்றில் 70 மி.மீ. கூர்மையை எதிர்பார்த்துக் கூர்மையாக்கும் வடிகட்டியை ஏற்றினால் கரகரப்புத்தான் பெருகும்.

அறிகுறி: படம் முழுக்கப் பால் படிந்ததுபோல் மூட்டம்; கருப்பு வானம் சாம்பலாகத் தெரிகிறது

ஜன்னல். ஜெமினி கண்ணாடிகளில் சுற்றுப்பாதைக்கு ஏறும்போதே படலம் படிந்தது. ஜன்னலைச் சுற்றியிருந்த சிலிக்கோன் ரப்பர் அடைப்பிலிருந்து வெற்றிடத்தில் ஆவியான எண்ணெய்ப் பசையும், ஏவுகலத்திலிருந்து வந்த புகையும் அதில் அடக்கம். நிழலில் இந்தப் படலம் கண்ணுக்கே தெரியாது. பக்கவாட்டில் வெயில் பட்டவுடன் முழுக் கண்ணாடியும் ஒளிரத் தொடங்கும். அதனால் ஒரே ரோலில் ஒரு ஃப்ரேம் தெளிவாகவும் அடுத்தது மூட்டமாகவும் இருக்கும். கலம் சில பாகை திரும்பியதுதான் வித்தியாசம். ஜெமினி 4-இல் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது: வைட் மிதந்து வந்து மெக்டிவிட்டின் ஜன்னலையே உரசிக் கறைப்படுத்தினார். மெக்டிவிட் அதற்குச் செல்லமாகத் திட்டியது வானொலிப் பதிவிலேயே இருக்கிறது.

பின்னால் வந்த பயணங்களில் ஜன்னலுக்கு மேல் கழற்றி எறியும் மூடி வைத்தார்கள். ஜெமினி 12-இல் (நவம்பர் 1966) பஸ் ஆல்ட்ரின் வெளியே போனபோது ஜிம் லவலின் ஜன்னலைத் துணியால் துடைத்தும் விட்டார்.

மூட்டமா, ஜன்னலுக்குள் தெரியும் பிரதிபலிப்பா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பிரதிபலிப்புக்கு வடிவம் உண்டு: சுவிட்ச் பலகையின் விளிம்பு, வெள்ளைக் கையுறை, கேமராவின் பளபளப்பான ஓரம். அதைத் தவிர்க்கத்தான், ஜெமினிக்கு முந்தைய மெர்க்குரி திட்டக் காலத்திலேயே ஹாசல்பிளாடின் தோலை உரித்துக் கருப்பு வண்ணம் பூசினார்கள். பிரதிபலிப்பை மென்பொருளால் நீக்கப் போகாதீர்கள். அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்பது ஃபிலிமிலேயே இல்லை.

மூட்டத்தைக் குறைக்கலாம். வரிசை முக்கியம்:

1. 16 பிட் கோப்பிலேயே வேலை செய்யுங்கள். வளைவுகளைத் தொடும் முன் மூட்டத்தைக் கழியுங்கள். மூட்டம் கூடுதலாக வந்து சேர்ந்த ஒளி, கழிப்பதுதான் சரி. மாறுபாட்டை ஏற்றுவது வேறு வேலை.
2. கருப்பு வானத்தில் நான்கைந்து இடங்களில் 50×50 பிக்சல் கட்டம் எடுத்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் சராசரியைத் தனித்தனியாகக் குறியுங்கள்.
3. எல்லா இடத்திலும் எண்கள் ஏறக்குறைய ஒன்றானால், லெவல்ஸில் ஒவ்வொரு நிறத்துக்கும் கருப்புப் புள்ளியைத் தனியாக நகர்த்தினால் போதும்.
4. இடது ஓரத்தில் 12, வலது ஓரத்தில் 40 என்று ஏறினால் லெவல்ஸ் உதவாது. அதே ஏற்றத்தைக் காட்டும் கிரேடியன்ட் அடுக்கு ஒன்றைச் செய்து, கழித்தல் முறையில் மேலே வையுங்கள்.
5. பூஜ்யம் வரை இறக்காதீர்கள். 8 பிட் கணக்கில் 5 முதல் 8 வரை விட்டுவையுங்கள். அதற்குக் கீழே ஃபிலிமின் கரகரப்பு திட்டுத்திட்டாக வெட்டுப்பட்டு, போலிபோலத் தெரியும்.

அறிகுறி: உடை வெள்ளையாக வெடித்துவிட்டது, அல்லது பூமி சரியாக இருக்க ஆள் இருண்டுவிட்டார்

எக்ஸ்போஷர் கணக்கு. அக்காலத்து எக்டாக்ரோம் எம்.எஸ். ஃபிலிமின் வேகம் ஏ.எஸ்.ஏ. 64. தரையில் நல்ல வெயிலுக்கு எஃப் 16-இல் 1/60 வினாடி, அதாவது எஃப் 8-இல் 1/250. மேலே காற்று தடுக்காததால் வெயில் கொஞ்சம் கூடுதல். காட்சியில் இருப்பதோ வெள்ளை உடையும் வெள்ளை மேகமும். ஆக ஒரு படி குறைத்து 1/250, எஃப் 11 என்பதே நியாயமான தொடக்கம். ஸ்லைடு ஃபிலிம் அதிக ஒளியை மன்னிக்காது. ஒரு படி கூடினாலே துணி மடிப்புகள் போய்விடும்.

நிழல் பக்கம் வேறு கதை. மேலே வானமே கருப்பு என்பதால் நிழலுக்கு ஒளி ஊட்ட நீலவானம் இல்லை. ஊட்டுவது பூமி மட்டும். கீழே மேகக்கூட்டம் இருந்தால் நிழலில் உடையின் தையல்கூடத் தெரியும். கீழே வெறும் கடல் என்றால் கரி. ஆகவே ஒரே எக்ஸ்போஷரில் எடுத்த இரண்டு ஃப்ரேம்களில் நிழல் வேறுவேறாக இருந்தால் கேமராவைக் குறை சொல்லாமல் பின்னணியில் மேகம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெடித்த வெள்ளையை மீட்க முடியுமா என்பதை அறிய எளிய சோதனை உண்டு. 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி அந்த வெள்ளையில் ஃபிலிம் கரகரப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வளைவை இறக்கி மடிப்புகளைக் கொண்டுவரலாம். கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருந்தால் அங்கே சாயம் முழுதும் போய்விட்டது; விட்டுவிடுங்கள். மூல ஸ்கேன் மொத்தமும் இருண்டு தெரிவது பெரும்பாலும் ஃபிலிமின் குறையே அல்ல. ஸ்கேன் நேர்கோட்டு அளவில் பதிவாகியிருக்கும். காமா ஏற்றினால் சரியாகிவிடும்.

அறிகுறி: மேகம் கூர்மை, ஆள் மங்கல் (அல்லது தலைகீழாக)

ஃபோகஸா, அசைவா? கணக்குப் போட்டால் ஒரு பக்கம் உடனே விழுந்துவிடும்.

80 மி.மீ. லென்ஸ், எஃப் 11, அனுமதிக்கும் மங்கல் வட்டம் 0.06 மி.மீ. என்று வைத்தால், மீமிகுத் தூரம் (ஹைப்பர்ஃபோகல்) சுமார் 9.7 மீட்டர். லென்ஸை அங்கே வைத்தால் 4.9 மீட்டரிலிருந்து முடிவிலி வரை கூர்மை. முடிவிலியில் வைத்தால் 9.7 மீட்டருக்கு உள்ளே இருப்பவர் மங்குவார். வைட்டைக் கலத்தோடு பிணைத்த இணைப்புக் குழாயின் நீளமே 25 அடி, அதாவது 7.6 மீட்டர். அந்த அமைப்பில் அவர் ஒருபோதும் கூர்மை எல்லைக்குள் வர முடியாது! 5 மீட்டரில் வைத்தால் 3.3 முதல் 10.3 மீட்டர் வரை ஆள் கூர்மை, பூமி இலேசாகக் கரையும். 500சி-யின் கண்ணாடியையும் ஃபோகஸ் திரையையும் விண்வெளிக்காகக் கழற்றியிருந்தார்கள். எடுப்பவர் தூரத்தை மனக்கணக்காக மதிப்பிட்டு வளையத்தைத் திருப்ப வேண்டியதுதான்.

அசைவுக்கு இதே கணக்கு. 4 மீட்டர் தூரத்தில் வினாடிக்கு 30 செ.மீ. மிதப்பவர் 1/250 வினாடியில் 1.2 மி.மீ. நகர்வார், ஃபிலிமில் அது 0.024 மி.மீ. தெரியாது. பூமி வினாடிக்கு 7.7 கி.மீ. ஓடினாலும், 200 கி.மீ. உயரத்திலிருந்து அதே நேரத்தில் ஃபிலிமில் நகர்வது 0.012 மி.மீ. மட்டுமே. ஆகவே 1/250-இல் எடுத்த படத்தில் ஆள் மட்டும் மங்கியிருந்தால் ஃபோகஸ் பிழை என்றே கொள்ளுங்கள். எல்லாம் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் எடுப்பவரின் கை அசைந்திருக்கிறது, அல்லது ஷட்டர் வேகம் 1/60 போலக் குறைந்திருக்கிறது. வெளியே இருப்பவர் குழாயை இழுக்கும்போதெல்லாம் கலமும் சேர்ந்து ஆடியது என்பதையும் மறக்கக் கூடாது.

அறிகுறி: கால் மட்டும், தோள் மட்டும், வெறும் குழாய் மட்டும்

80 மி.மீ. லென்ஸ் 3 மீட்டரில் பிடிப்பது சுமார் 2 மீட்டர் அகலம். உடையோடு நிற்கும் ஓர் ஆள் அதில் அப்படியே அடங்கினால் அதிர்ஷ்டம். கைகால் விரித்தால் வெளியே போய்விடும். ஜெமினி ஜன்னல் அரைவட்டச் சிறு திறப்பு, அதுவும் முன்னோக்கியது. பின்பக்கத்துக்கு மிதந்தவரை உள்ளிருந்து பார்க்கவே முடியாது. வாயுத் துப்பாக்கியில் வாயு இருந்தவரை வைட் ஓரளவு விரும்பிய இடத்தில் நின்றார். அது சில நிமிடங்களிலேயே தீர்ந்தது. பிறகு குழாயை இழுத்துத்தான் திரும்பினார், குழாய் அவரைத் தன் விருப்பப்படி ஆட்டியது. ரோலின் பிற்பகுதி ஃப்ரேம்களில் உடல் சாய்ந்தும் வெட்டுப்பட்டும் இருக்கக் காரணம் இதுவே.

இதற்கு நிஜமான தீர்வு அகலக்கோண லென்ஸ். 38 மி.மீ. லென்ஸுள்ள ஹாசல்பிளாட் சூப்பர் வைட் அதே 3 மீட்டரில் 4.3 மீட்டர் பிடிக்கும். ஓரங்களில் உடல் நீண்டு தெரிந்தால் அந்தக் கேமராவாக இருக்கலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள், "திருத்த" வேண்டாம்.

அறிகுறி: படமே இல்லை, அல்லது எண்ணிப் பார்க்கும் அளவுக்குச் சில

இதுதான் ஆராயத் தகுந்த அறிகுறி. ஆவணக் காப்பகத்தில் தேடித் தேடிக் கிடைக்காதபோது, "மறைத்துவிட்டார்கள்" என்று முடிவுகட்டும் முன் கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

*பொத்தான் எட்டவில்லை.* லியோனோவ் வெளியே இருந்தது 12 நிமிடம். மார்புக் கேமராவின் விசை அவர் தொடைப் பக்கம் இருந்தது. வெற்றிடத்தில் உடை உப்பிப் பெரிதானதும் கை அங்கே போய்ச் சேரவில்லை. அவர் கையால் எடுத்த கலத்தின் படம் அதனால் கிடையாது. உடைக்குள் அழுத்தம் சுமார் 0.4 வளிமண்டலம். உள்ளே திரும்புவதற்காக அதைக் கிட்டத்தட்ட 0.27-க்கு இறக்க வேண்டியிருந்தது. பொத்தானை மட்டும் குறை சொல்ல முடியாது: விரலை மடக்குவதே அழுத்தத்தோடு மல்லுக்கட்டுவது.

*ஃபிலிமை நகர்த்தக் கை வேண்டும்.* 500சி-யில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பின் திருகைச் சுற்ற வேண்டும். கான்டாரெக்ஸிலும் நெம்புகோலைத் தள்ள வேண்டும். உள்ளே இருப்பவருக்கு இது எளிது. வெளியே ஒரு கை எப்போதும் எதையாவது பிடித்திருக்கும். மோட்டார் பொருத்திய 500இ.எல். 1968-இல் அப்பல்லோ 8-இல்தான் பறந்தது.

*கேமரா போய்விட்டது.* ஜெமினி 10-இல் (ஜூலை 1966) மைக்கேல் காலின்ஸ், ஆளில்லாத இலக்குக் கலமான அஜீனாவுக்கு மிதந்து போனபோது அவருடைய ஹாசல்பிளாட் கழன்று விண்வெளியில் போனது. ஜான் யங் கலத்தை அஜீனாவோடு மோதாமல் ஓட்டுவதில் மூழ்கியிருந்தார். விளைவு: அந்த விண்நடைக்குப் புகைப்படமே இல்லை. "காலின்ஸ் விண்நடை" என்று தலைப்போடு எதையாவது பார்த்தால் அது பயிற்சிப் படம், அல்லது வேறொருவர் படம்.

*பொருத்த மறந்தார்கள்.* 16 ஜனவரி 1969: சோயூஸ் 5-இலிருந்து சோயூஸ் 4-க்கு எவ்கேனி கிருனோவும் அலெக்சி யெலிசேயெவும் மாறிய நாள். கிருனோவின் குழாய்கள் சிக்கி, உடையின் காற்றோட்ட விசை தவறுதலாக மூடிக்கொண்டது. அதைக் கவனித்த பதற்றத்தில் யெலிசேயெவ் திரைப்படக் கேமராவை வெளியே பொருத்தவில்லை. மிஞ்சியது மங்கலான தொலைக்காட்சிப் பதிவு மட்டும்.

*கண் தெரியவில்லை.* ஜெமினி 9ஏ-யில் (ஜூன் 1966) யூஜின் செர்னனின் முகக்கண்ணாடி உள்ளே ஆவி படிந்து மூடியது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தும் பாதி நேரம் மூக்கால் துடைத்த ஓட்டை வழியேதான் பார்த்தார். ஜெமினி 11-இல் ரிச்சர்ட் கார்டனுக்கு வியர்வை கண்ணில் இறங்கியது. 33 நிமிடத்தில் முடித்துக்கொண்டார். அதே நடையில் கேமராவைத் தாங்கியில் நுழைக்கவே திண்டாடி, கடைசியில் முஷ்டியால் தட்டி இறக்கினார். செர்னனுக்குப் பின் வந்தவர்கள் வெளியேறும் முன் கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படியாத கரைசலைத் துடைத்துக்கொண்டார்கள்.

*இயந்திரமே சிக்கியது.* பட்டியலில் கேமராவின் முறை இப்போதுதான் வருகிறது. அப்பல்லோ 9-இல் (6 மார்ச் 1969) டேவிட் ஸ்காட்டின் திரைப்படக் கேமரா நின்றுபோனது. அதைச் சரிசெய்ய மெக்டிவிட் ஐந்து நிமிடம் தர, ரஸ்டி ஷ்வைக்கார்ட் அதுவரை சந்திரக்கலத்தின் வாசற்படியில் சும்மா நின்றார்.

அதே அப்பல்லோ 9 புகைப்படங்கள் ஏன் இவ்வளவு நிதானமாக இருக்கின்றன? ஏ.எஸ்.09-20-3064 என்ற ஃப்ரேமைத் திறந்து பாருங்கள்: திறந்த கதவில் ஸ்காட், கீழே பூமி, அடிவானம் நேர். எடுத்த ஷ்வைக்கார்டின் பாதங்கள் வாசற்படியில் இருந்த "தங்கச் செருப்பு" என்ற பிடிக்குள் மாட்டியிருந்தன. கால் நின்றால் இரண்டு கையும் கேமராவுக்கு. இந்தப் பாடத்தை நிரூபித்தவர் ஆல்ட்ரின்: நீச்சல்குளத்தில் தண்ணீருக்கடியில் பயிற்சி எடுத்து, இடுப்புக் கயிறு, கைப்பிடி, பாதப்பிடி வைத்து, ஜெமினி 12-இல் மூன்று முறையாக ஐந்தரை மணி நேரம் வேலை செய்தார். திறந்த கதவில் நின்றபடி கேமராவைத் தன் பக்கம் திருப்பித் தன்னையே எடுத்த எஸ்66-62926 அப்போது வந்ததுதான்.

அறிகுறி: திரைப்படத்தில் ஆள் தத்தித் தத்தி வேகமாக ஆடுகிறார்

ஓட்டும் வேகப் பிழை. அப்பல்லோவின் 16 மி.மீ. கேமராவுக்கு வினாடிக்கு 1, 6, 12, 24 ஃப்ரேம் என்ற வேகங்கள். 140 அடிப் பெட்டியில் 5,600 ஃப்ரேம். 24-இல் ஓட்டினால் நான்கு நிமிடம்கூட வராது, 6-இல் ஓட்டினால் பதினைந்தரை நிமிடம். மிச்சம் பிடிக்க 6-ஐயே நாடினார்கள். அதை 24-இல் காட்டினால் நான்கு மடங்கு வேகம். ஒவ்வொரு ஃப்ரேமையும் நான்கு முறை காட்டி நிஜ வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். இடை ஃப்ரேம்களைக் கற்பனை செய்து நிரப்பும் மென்பொருள் இங்கே வேண்டாம்: கையுறை விரல்களை அது தன் இஷ்டத்துக்கு வரையும்.

அறிகுறி: வண்ணம் நீலமாகவோ கருஞ்சிவப்பாகவோ சாய்கிறது

நகலா, மூலமா? பழைய நகல்களில் சாயம் மங்கிச் சிவப்புப் பக்கம் சாயும். மூலத்தின் ஸ்கேன் கிடைத்தால் நகலைத் திருத்தி நேரத்தை வீணாக்காதீர்கள். மூலத்திலும் நீலம் என்றால் இரண்டு இடம்: நிழலில் இருந்தால் பூமியின் ஒளி, அது உண்மை, வானத்திலும் சேர்ந்து இருந்தால் ஜன்னல் மூட்டம், மேலே சொன்னபடி கழியுங்கள். வெண்சமநிலைக்கு வெயில் பட்ட உடையை எடுக்கலாம், ஆனால் வெடிக்காத இடமாகப் பார்த்து. வைட்டின் இணைப்புக் குழாய்க்குத் தங்க உறை. தலைக்கவசக் கண்ணாடியிலும் தங்கப் பூச்சு. அவற்றை வெள்ளையாக்க முயன்றால் மொத்தப் படமும் நீலமாகும்.

விண்வெளியில் வண்ணம் எப்படிப் பதிவாகிறது என்று சோதிக்கவே ஜெமினி 10-இல் சிவப்பு, மஞ்சள், நீலம், சாம்பல் பட்டைகள் கொண்ட தகடு ஒன்றைக் கோலில் மாட்டி வெளியே நீட்டி எடுத்தார்கள். உடைக்குள் வந்த காற்றால் இருவருக்கும் கண் எரிந்து அந்த வேலை பாதியில் நின்றது.

சில்லறை அறிகுறிகள்

*நட்சத்திரம் இல்லை.* 1/250, எஃப் 11-இல் வராது. நட்சத்திரம் எடுக்கத் தனி வேலையே நடந்தது: ஜன்னல் கண்ணாடி புறஊதாக் கதிரைத் தடுப்பதால், கதவைத் திறந்து எழுந்து நின்று, இரவுப் பக்கத்தில், வினாடிக்கணக்கில் ஷட்டரைத் திறந்து எடுத்தார்கள்.

*சிலுவைக் குறிகள் இல்லை.* இருக்கக் கூடாது. அவை நிலவுத் தரையில் பயன்படுத்திய கேமராவின் கண்ணாடித் தகட்டில் பொறித்தவை. ஜெமினி படத்தில் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

*இடவலம் மாறியிருக்கிறது.* வைட்டின் இடது தோளில் அமெரிக்கக் கொடி, வலது கையில் வாயுத் துப்பாக்கி. இரண்டும் இடம் மாறினால் ஸ்லைடைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

*வெள்ளைப் புள்ளி பறக்கிறது.* ஒரே ஃப்ரேமில் இருந்து அடுத்ததில் மறைந்தால் தூசி, அழிக்கலாம். தொடர்ந்து பல ஃப்ரேம்களில் நகர்ந்தால் நிஜப் பொருள். ஜெமினி 4-இன் திறந்த கதவிலிருந்து மிதந்துபோன உதிரிக் கையுறையைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிட வேண்டாம்.